அந்தெனாத்தி: சரக்கு முதல் தரம், தேடல் சுமார், தாத்தா பெயர்தான் சாவி

இத்தாலியில் வேர் உள்ள குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து சேரும் இடம் அந்தெனாத்தி. இத்தாலியக் கலாச்சார அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத் துறை 2011-இல் தொடங்கிய இணையதளம் இது. அரசு ஆவணக் காப்பகங்களில் இருக்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். சந்தா இல்லை, கணக்கு தொடங்கச் சொல்வதும் இல்லை. 2021 இறுதியில் தளத்தைப் புதுப்பித்தார்கள். படம் பெரிதாகத் தெரிகிறது, ஒவ்வொரு படத்துக்கும் மாறாத தனி இணைப்பு இருக்கிறது. தீர்ப்பை இப்போதே சொல்லிவிடலாம்: உள்ளே இருக்கும் சரக்குக்கு ஈடு இணை இல்லை, அதைத் தேடி எடுக்கும் வசதி சுமார்தான். இத்தாலியக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு எந்த வரிசையில் பெயர் வைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. தெரியாமல் போகிறவர் ஒன்று வெறுங்கையோடு திரும்புவார், அல்லது வேறு யாருடைய தாத்தாவையோ தன் தாத்தா என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு வருவார்.

முகப்பில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெயரைத் தட்டித் தேடுவது. புதிதாக வருகிற எல்லோரும் இங்கேதான் முதலில் கை வைக்கிறார்கள். பெயர்ப்பட்டியல் போடப்பட்டது மொத்தப் பதிவேடுகளில் ஒரு பகுதிக்கு மட்டும்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பயன்படுத்துங்கள். தேடிய பெயர் வரவில்லை என்றால் அந்த ஆள் பதிவேட்டில் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த ஊர்ப் பதிவேட்டுக்கு இன்னும் பட்டியல் போடவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். வந்த பெயரையும் அப்படியே நம்பிவிட முடியாது. பழைய கையெழுத்தைப் பார்த்துப் படியெடுத்தவை அவை. குடும்பப்பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தேடல் கோட்டைவிட்டுவிடும்.

இரண்டாவது வழி, பதிவேடுகளை நேரே திறந்து பார்ப்பது. உண்மையான வேலை நடப்பது இங்கேதான். அதற்கு முதலில் ஊரின் பெயர் வேண்டும். ‘நேப்பிள்ஸிலிருந்து வந்தார்கள்’ என்று குடும்பத்தில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் ஏறிய துறைமுகத்தையோ பக்கத்தில் இருந்த பெரிய நகரத்தையோ சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். மாகாண எல்லைகளும் மாறியிருக்கின்றன. இன்று லத்தீனா மாகாணத்தில் இருக்கும் கயேத்தாவும் ஃபோர்மியாவும் 1927 வரை கசெர்த்தா மாகாணத்தில் இருந்தவை. அப்படிப்பட்ட ஊர் என்றால் இரண்டு காப்பகங்களின் பட்டியலையும் பார்த்துவிடுவது நல்லது. நேப்பிள்ஸ் மாதிரிப் பெருநகரம் என்றால் பதிவேடுகள் வட்டாரவாரியாகப் பிரிந்திருக்கும். வட்டாரம் தெரியாமல் அங்கே இறங்கினால் நாள்கணக்கில் போகும்.

அடுத்தது காலம். தளம் பதிவேடுகளை மூன்று காலமாகப் பிரித்து வைத்திருக்கிறது: நெப்போலியன் காலம், அதன்பின் பழைய அரச வம்சங்கள் திரும்பி வந்த காலம், ஒன்றுபட்ட இத்தாலியின் காலம். தெற்கு நிலப்பகுதியில் அரசுப் பதிவு 1809-இல் தொடங்குகிறது, சிசிலியில் 1820-இல். ஒன்றுபட்ட இத்தாலியின் முறை 1866 ஜனவரி 1-இலிருந்து வருகிறது. வடகிழக்கில் இருக்கும் வெனெத்தோவிலும் ரோமைச் சுற்றிய பகுதியிலும் 1871 வரை அது வரவில்லை. அதனால் வெனெத்தோக் குடும்பத்தை 1850-களில் இங்கே தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று தளத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அந்த நாளில் அங்கே கணக்கெழுதியவர் பங்குச் சாமியார், அதாவது அந்த வட்டாரக் கத்தோலிக்கக் கோயிலின் பாதிரியார். ஏடு கோயிலில் இருக்கிறது. தெற்கும் சிசிலியும் வேண்டியவர்களுக்குத்தான் இந்தத் தளம் உண்மையிலேயே வரப்பிரசாதம்.

பதிவேட்டைத் திறந்ததும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டாம். 1866-க்குப் பிந்தையது என்றால் பத்தாண்டுப் பெயரடைவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1866 முதல் 1875, 1876 முதல் 1885 என்று போகும். அது இல்லையென்றால் அந்தந்த ஆண்டுப் பதிவேட்டின் கடைசியில், அபூர்வமாக முதலில், ஓர் அடைவு இருக்கும். அடைவில் பெயருக்கு நேராக இருப்பது பதிவு எண். பக்க எண்ணோ பட எண்ணோ அல்ல. 1840-களின் தெற்கத்திப் பிறப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பதிவு, ஒரு படத்துக்கு இரண்டு பக்கம் என்பது பொதுவான அமைப்பு. பதிவு எண் 86 என்றால் 43-ஐ ஒட்டிய படத்துக்குத் தாவி, அட்டைக்காக இரண்டு மூன்று சேர்த்துப் பாருங்கள். நேராக அங்கே போய் விழாவிட்டாலும் பக்கத்தில் நிற்பீர்கள்.

இந்த இடத்தில்தான் முதல் தடங்கல். 1866-க்கு முந்தைய அடைவுகள் பலவற்றில் பெயர்கள் குடும்பப்பெயர் வரிசையில் இருக்காது. ஆளின் சொந்தப் பெயர் வரிசையில் இருக்கும். அந்தோனியோக்கள் எல்லாம் ஒரு கொத்து, ஜுசெப்பேக்கள் எல்லாம் ஒரு கொத்து. குடும்பப்பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் முழு அடைவையும் படித்தாக வேண்டும். வீட்டில் என்னென்ன பெயர்கள் வந்திருக்கும் என்று ஊகம் இருப்பவர் இரண்டு மூன்று கொத்துகளைப் பார்த்தால் போதும்.

அந்த ஊகத்துக்கு அடிப்படை இதுதான். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். இரண்டாவது மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். அதற்குப் பிறகு பிறக்கிறவர்களுக்கு மாமா, சித்தப்பா, அத்தை, ஞானப்பெற்றோர், ஊர்ப் புனிதர் என்று கை போகும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் தெற்கு இத்தாலியில் வரிசை இவ்வளவு கறாராக இருந்தது என்பதுதான் தேடுகிறவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். கலாப்ரியா, சிசிலி, பூலியா, கம்பானியா எங்கும் 1800-களில் இதுதான் நடைமுறை. மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயரை முதலில் வைக்கும் ஊர்களும் உண்டு. வடக்கே போகப்போகப் பிடி தளரும்.

கூடவே தெரிய வேண்டிய இன்னொரு வழக்கம்: குழந்தை இறந்துவிட்டால் அந்தப் பெயர் அடுத்துப் பிறக்கும் அதே பாலினக் குழந்தைக்குப் போகும். பெயர் குழந்தையோடு போய்விடக் கூடாது, தாத்தாவுக்குப் பட்ட கடன் அது. ஒரே பெற்றோருக்கு நான்கு வருட இடைவெளியில் இரண்டு ஜுசெப்பே இருந்தால் எழுத்தர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைக்காதீர்கள். முதல் ஜுசெப்பே இறந்துவிட்டான். வம்ச மரத்தில் முதல் பதிவை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள், மூன்று வயதில் இறந்த குழந்தைக்குக் கல்யாணம் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலும் ஏற்றிவிடுகிறார்கள். பிறப்புப் பதிவு கிடைத்த கையோடு அடுத்த ஐந்து வருட இறப்பேட்டையும் அதே பெயருக்குப் பார்ப்பதுதான் முறை.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் பூலியாவின் எந்த ஊர் ஏட்டிலும் இப்படி ஒன்று கிடைக்கும். அப்பா வீதோ, அம்மா ஆன்னா. பிறப்பேட்டில் அவர்கள் பிள்ளைகள்: 1842-இல் ஜுசெப்பே, 1844-இல் ரோசா, 1846-இல் மறுபடி ஜுசெப்பே, 1848-இல் தொமேனிக்கோ, 1851-இல் லூச்சியா. வரிசைப்படி வீதோவின் அப்பா ஜுசெப்பே, அம்மா ரோசா. ஆன்னாவின் அப்பா தொமேனிக்கோ, அம்மா லூச்சியா. முதல் ஜுசெப்பே 1842-க்கும் 1846-க்கும் இடையில் இறந்திருக்க வேண்டும். அந்த ஐந்து இறப்பேடுகளின் அடைவில் ‘ஜுசெப்பே’ கொத்தை மட்டும் பார்த்தால் போதும்.

இப்போது ஒவ்வொரு பிறப்புப் பதிவிலும் அப்பா வீதோவின் பெயருக்குப் பின்னால் வருவதைப் படியுங்கள். 1846 பதிவில் ‘வீதோ தி ஜுசெப்பே’ என்று இருக்கிறது, 1848 பதிவில் ‘வீதோ ஃபூ ஜுசெப்பே’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தி’ என்றால் வீதோவின் அப்பா உயிரோடிருக்கிறார். ‘ஃபூ’ என்றால் இறந்துவிட்டார். தாத்தா 1846-க்கும் 1848-க்கும் இடையில் காலமாகியிருக்கிறார், ஆக மூன்று இறப்பேடுகளில் வேலை முடிந்தது. அந்த இறப்புப் பதிவில் தாத்தாவின் அப்பா அம்மா பெயரும் இருக்கும். ஒரே எட்டில் இரண்டு தலைமுறை மேலே ஏறிவிட்டோம். வீதோ மூத்த மகன் என்றால் தாத்தா ஜுசெப்பேயின் அப்பா பெயரும் வீதோவாக இருக்க வாய்ப்பு அதிகம்: வீதோ, ஜுசெப்பே, வீதோ, ஜுசெப்பே என்று ஒன்றுவிட்டு ஒன்று வரும்.

1842 பதிவில் வீதோவுக்கு வயது 27 என்றிருந்தால் அவர் பிறந்தது 1815 வாக்கில். இந்த வயதுக்கு இரண்டு மூன்று வருடம் முன்பின் விட்டுத் தேடுங்கள். சொன்னதை எழுதிக்கொண்ட வயது அது. முதல் குழந்தை 1842 என்பதால் திருமணத்துக்கு 1840 முதல் 1842 வரை. திருமணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில் நடக்கும். மாப்பிள்ளையின் ஊரில் திருமணப் பதிவு இல்லையென்றால் பக்கத்து ஊர்ப் பதிவேட்டைத் திறங்கள்.

‘ஃபூ’வைக் கவனிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் மாட்டிக்கொள்வது ஒரே பெயர்க்காரர்களிடம். தாத்தா ஜுசெப்பேக்கு நான்கு மகன்கள் என்றால் நால்வருமே மூத்த பிள்ளைக்கு ஜுசெப்பே என்றுதான் வைத்திருப்பார்கள். ஒரே ஊர், ஒரே குடும்பப்பெயர், பத்து வருடத்துக்குள் பிறந்த நான்கு ஜுசெப்பே. இவர்களைப் பிரிக்கக் கருவிகள் உண்டு. முதலாவது அப்பா பெயர். இரண்டாவதும் முக்கியமானதும் அம்மாவின் குடும்பப்பெயர்: இத்தாலியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகிறார்கள், இது பெரிய உதவி. மூன்றாவது தொழில், கூலிக்காரர் ஒருவர், செருப்புத் தைப்பவர் ஒருவர் என்று பிரிந்து நிற்பார்கள். பெயருக்கு முன்னால் ‘தோன்’ இருந்தால் அந்த வீடு கொஞ்சம் வசதியான வீடு. அது ஒரு பதிவில் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால் இருவரும் ஒரே ஆள்தானா என்று இன்னொரு முறை பாருங்கள். தெருப்பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பொருந்தினால் போதாது, குறைந்தது மூன்று பொருந்த வேண்டும்.

அப்பாவும் மகனும் ஒரே பெயரில் இருந்தால் உஷாராகிவிடுங்கள். உயிரோடிருக்கும் அப்பாவின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதை 1939-இல் சட்டமே தடுத்தது. இன்றும் அந்தத் தடை இருக்கிறது. அதற்கு முன்பும் அது வழக்கத்துக்கு மாறானதாகத்தான் இருந்தது. ‘ஜுசெப்பே, அப்பா ஜுசெப்பே’ என்று 1830-இல் ஒரு பதிவு வந்தால், குழந்தை பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள். அப்படிப் பிறந்த மகனுக்கு அப்பா பெயரையும், பிரசவத்தில் தாய் இறந்தால் மகளுக்குத் தாய் பெயரையும் வைத்தார்கள். தாத்தாக்கள் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவார்கள்.

வழக்கம் உடைகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, இதைச் சொல்லாமல் விடுகிற வழிகாட்டிகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. மூத்த பிள்ளை என்று நாம் நினைப்பவர் உண்மையில் மூன்றாவதாக இருக்கலாம். முன்னால் இரண்டு பேர் பக்கத்து ஊரில் பிறந்திருப்பார்கள். இரண்டாம் தாரத்துக்குப் பிறந்த முதல் மகளுக்கு, இறந்துபோன முதல் மனைவியின் பெயரை வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதைப் பாட்டி பெயர் என்று எடுத்துக்கொண்டால் இல்லாத பாட்டியை ஐந்து வருடம் தேடலாம். எமிலியா, ரொமாஞ்ஞா பக்கம் பிரீமோ, செக்கோந்தோ என்று பிறந்த வரிசையையே பெயராக வைப்பார்கள். இத்தாலியை ஒன்றுபடுத்தப் போராடிய கரிபால்டியின் மேல் இருந்த பிரியத்தில் அவருடைய மனைவி அனித்தா, மகன்கள் மெனோத்தி, ரிச்சோத்தி பெயர்களைச் சூட்டிய வீடுகளும், கம்யூனிஸ்ட் அல்லது அராஜகவாதி அப்பாக்கள் லீபெரோ, ஸ்பார்த்தக்கோ என்று வைத்த வீடுகளும் உண்டு. இந்தப் பெயர்களில் தாத்தாவைத் தேடாதீர்கள். பெயர் வரிசை எங்கே தேடலாம் என்று கைகாட்டும், இவர்தான் என்று சாட்சி சொல்லாது.

சாட்சி வேண்டுமென்றால் தளத்திலேயே இருக்கிறது, ஆனால் புதியவர்கள் திறப்பதில்லை. திருமண ஏட்டோடு ‘அல்லெகாத்தி’ அல்லது ‘புரொச்செஸ்ஸெத்தி’ என்ற தலைப்பில் ஒரு தொகுப்பு இருக்கும்: கல்யாணத்துக்காக மணமக்கள் கொண்டுவந்து கொடுத்த இணைப்புக் காகிதங்கள். இருவருடைய பிறப்புச் சான்று, பெற்றோர் இறந்திருந்தால் அவர்களுடைய இறப்புச் சான்று, முன்பு மணமானவர் என்றால் முதல் துணையின் இறப்புச் சான்று. அப்பா இறந்துவிட்டால் சம்மதம் தர வேண்டியவர் தந்தைவழித் தாத்தா. அவரும் இல்லையென்றால் அவர் இறந்ததற்குச் சான்று அந்தக் காகிதக் கட்டுக்குள் இருக்கும். நம் கற்பனை வீதோவின் 1841 திருமணக் காகிதக் கட்டுக்குள் அவருடைய பிறப்புச் சான்றைப் படித்தால், பெயர் வரிசையை வைத்து ஊகித்தது உறுதியாகிவிடும், அல்லது உடைந்துபோகும். அரசுப் பதிவு தொடங்குவதற்கு முன் பிறந்தவருக்குக் கோயில் ஞானஸ்நான ஏட்டிலிருந்து படியெடுத்துச் சேர்த்திருப்பார்கள். 1700-களின் தகவல் வீட்டிலிருந்தே கிடைப்பது இப்படித்தான். இந்தத் தளத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். ஒரு கட்டுக்கு பத்துப் பதினைந்து படங்கள் வரும். வரிசை எண் திருமணப் பதிவின் எண்ணோடு பொதுவாக ஒத்துப்போகும்.

கையெழுத்தில் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். வருடம் எண்ணில் இருக்காது, ‘ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு’ என்று இத்தாலியனில் நீட்டி எழுதியிருக்கும். மாதத்தை 7-ப்ரே என்று சுருக்கியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை இல்லை. 8-ப்ரே அக்டோபர், 9-ப்ரே நவம்பர், 10-ப்ரே டிசம்பர். இந்த ஒரு தவறால் பிறந்தநாள் தப்பாக ஏறிய மரங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. 1816-க்குப் பிந்தைய தெற்கத்திப் பிறப்பேட்டில் பக்கம் இரண்டு பத்தியாக இருக்கும்: இடது பக்கம் அரசுப் பதிவு, வலது பக்கம் ஞானஸ்நானம் நடந்த நாளும் கோயிலும். வலது பத்தியை விட்டுவிடாதீர்கள், எந்தப் பங்கு என்று அதுதான் சொல்லும். 1866-க்குப் பிந்தைய பதிவுகளின் ஓரத்தில் பின்னாளில் நடந்த திருமணத்தைக் குறித்திருந்தால் அடுத்த தேடலே மிச்சம்.

ஊரின் காவல் புனிதர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதால், பெயரை வைத்து ஊரையும் ஊகிக்கலாம். ஜென்னாரோ என்றால் நேப்பிள்ஸ், ஒரொன்சோ என்றால் லெச்சே, கெர்லாந்தோ என்றால் அக்ரிஜென்தோ, எஃபீசியோ என்றால் சார்டினியாவின் கால்யாரி, ஆகத்தா என்றால் கத்தானியா. பலெர்மோவுக்கு ரொசாலியா, அந்நகரில் குடியேறிய ஈழத் தமிழர்கள் மோந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கும் அவளுடைய சந்நிதிக்குப் போய்வருவது ஊரறிந்த விஷயம், ஆகையால் அங்குள்ளவர்களுக்கு இந்தப் பெயரின் பலம் சொல்லாமலே புரியும். ஊர் தெரியாத குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு கெர்லாந்தோ வந்தால் தேடலை அக்ரிஜென்தோ காப்பகத்தில் தொடங்குங்கள். ஜுசெப்பே, அந்தோனியோ, மரியா இந்த விஷயத்தில் உதவ மாட்டார்கள், எங்கும் இருப்பார்கள்.

அமெரிக்கா போனவர்களின் பெயர்களை முதலில் திருப்பிப் பிடிக்க வேண்டும். அங்கே சாம் என்றிருப்பவர் ஊரில் சல்வத்தோரே. ஜேம்ஸ் என்பவர் வின்சென்சோவாக இருக்கலாம். சார்லஸ் என்பவர் கலோஜெரோவாகவோ பஸ்குவாலேயாகவோ இருக்கலாம். கோனி என்பவள் கொன்செத்தா. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதி இத்தாலிய வடிவத்துக்கு மாற்றினாலே கடல் கடந்தவரின் அப்பா அம்மா பெயர் பாதி தெரிந்துவிடும். முதல் தலைமுறைக் குடியேறிகள் வழக்கத்தைக் கைவிடவில்லை. பெண்களுக்கு மரியா என்ற முன்பெயர் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். மரியா கார்மேலா இறப்பேட்டில் வெறும் கார்மேலாவாக வருவாள்.

கண்டெடுக்கப்பட்ட குழந்தை வம்சத்தில் இருந்தால் இந்த வித்தை எதுவும் அந்தத் தலைமுறையில் செல்லாது. எஸ்பொசீத்தோ நேப்பிள்ஸ், ப்ரொயெத்தி ரோம், இன்னொச்செந்தி ஃப்ளோரன்ஸ், கொலொம்போ மிலான் என்று அடையாளப் பெயர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெயர் இருக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் காலத்தில் கண்டெடுக்கப்பட்டவர்கள் அல்ல. ஐந்து தலைமுறைக்கு முன் நடந்திருக்கலாம். சிலருக்கு எழுத்தரே புதிதாக ஒரு குடும்பப்பெயரைக் கட்டிக்கொடுத்திருப்பார், அதில் அடையாளமே இருக்காது. 1866-க்குப் பிந்தைய ஏட்டில் ‘மணமாகாத பெண்ணோடு கூடிப் பிறந்தது’ என்று வந்தால் அவசரப்பட்டுக் கதை கட்ட வேண்டாம். 1866 முதல் 1929 வரை கோயில் கல்யாணம் அரசுக்குச் செல்லாது. சாமியார் முன்னிலையில் மட்டும் மணந்தவர்களின் பிள்ளைகள் இப்படித்தான் பதிவானார்கள். பிள்ளைகளின் பெயர் வரிசை இரண்டு தாத்தாக்களையும் ஒழுங்காகத் தொட்டால் அது முறையான குடும்பமாக வாழ்ந்த வீடு என்று ஊகிக்கலாம்.

மற்றத் தளங்களோடு வைத்துப் பார்த்தால்? மோர்மன் திருச்சபையின் ஃபேமிலி சர்ச்சும் இலவசம்தான், கணக்கு தொடங்க வேண்டும். அங்கே சில ஊர்ப் படங்களை அவர்களுடைய மையத்துக்கோ இணைந்த நூலகத்துக்கோ போனால்தான் பார்க்க முடியும். அந்தெனாத்தியில் இல்லாத ஊர் அங்கே இருக்கலாம் என்பதால் இரண்டையும் பார்ப்பதே சரி. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் போன்ற கட்டணத் தளங்களின் பலம் அமெரிக்கப் பக்க ஆவணங்கள்: கப்பல் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு. இத்தாலிய ஊர்ப் பதிவுக்காக மட்டும் சந்தா கட்டுவது வீண் என்பது எங்கள் கருத்து. அவை தானாக நீட்டும் மரக் குறிப்புகளில் ஒரே பெயர்க்காரச் சகோதரப் பிள்ளைகள் கலந்து கிடப்பார்கள். அம்மாவின் குடும்பப்பெயரைச் சரிபார்க்காமல் எதையும் ஏற்காதீர்கள்.

அந்தெனாத்தியின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். எல்லா மாகாணமும் ஒரே அளவு ஏறவில்லை. ஓர் ஊருக்கு 1809 முதல் இடைவிடாமல் இருக்கும், பக்கத்து ஊருக்குப் பத்து வருடம் காணாமல் இருக்கும். இறப்பேடு இல்லாத ஊரில் ‘ஃபூ’ வித்தையைப் பாதிதான் பயன்படுத்தலாம். நீதிமன்றத்தில் வைத்த இரண்டாம் படி 70 வருடம் கழித்துத்தான் காப்பகத்துக்கு வருகிறது, ஆகவே அண்மைத் தலைமுறையை இங்கே தேட முடியாது. முழுப் பதிவேட்டையும் ஒரே சொடுக்கில் இறக்கிக்கொள்ள வசதி இல்லை, படம் படமாகத்தான். இறக்கும்போதே காப்பகம், ஊர், வருடம், ஏட்டின் வகை, பதிவு எண், படத்தின் இணைப்பு ஆறையும் எழுதி வைத்துவிடுங்கள். வெறும் கோப்பை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எந்த ஊர் என்றே தெரியாது.

அரசுப் பதிவு தொடங்குவதற்கு முன் போக வேண்டுமானால் கோயில் ஏடுகள்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் சங்கம் 1563-இல் ஞானஸ்நான ஏட்டையும் திருமண ஏட்டையும் கட்டாயமாக்கியது. நம் வீரமாமுனிவர், கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி, 1680-இல் மாந்தொவாவை அடுத்த கஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்தவர்; அவர் பெயரை அந்தெனாத்தியில் தட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தக் காலத்துப் பதிவுகள் பங்கிலும் மறைமாவட்டக் காப்பகத்திலும் இருக்கும். பெயர்கள் லத்தீனில் இருக்கும்: ஜொவான்னி ‘யோவான்னெஸ்’ ஆகியிருப்பார், லுயீஜி ‘அலோய்சியுஸ்’ ஆகியிருப்பார்.

குடியுரிமைக்காகவோ வேறு சட்ட வேலைக்காகவோ வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தளத்திலிருந்து இறக்கிய படம் சான்றிதழ் ஆகாது. பதிவைக் கண்டுபிடித்தபின் அந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்துக்கு இத்தாலியனில் எழுதிச் சுருக்கப் பிரதியோ முழுப் பிரதியோ கேட்க வேண்டும். ஓரக்குறிப்புகளும் வேண்டுமென்றால் முழுப் பிரதி என்று தெளிவாக எழுதுங்கள். கடிதத்தில் பெயர், வருடம், பதிவு எண், 1866-க்குப் பிந்தையது என்றால் ஏட்டின் எந்தப் பகுதி என்பதும் இருக்கட்டும். எண் இல்லாமல் ‘ஜுசெப்பே, 1880 வாக்கில்’ என்று மட்டும் எழுதினால், எந்த ஜுசெப்பே என்று அலுவலகம் திருப்பிக் கேட்கும்.